விற்கப் போன பேஸ் கிட்டார்

போன ஜூன் மாதம் எங்கள் பேஸ் கிட்டாரை விற்கப் போனோம்.

விற்கவில்லை. ஆனால் போனோம் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஏனென்றால் அதற்கு இரண்டு மாதம் முன்னால், ஏப்ரல் 14 அன்று, அண்ணல் பிறந்தநாள் மேடையில் எங்களில் ஒருவர் அதே கிட்டாரைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டி, "இதை மட்டும் எந்தக் காலத்துலயும் விக்க மாட்டோம்" என்று மைக்கில் சொன்னார். கூட்டம் விசிலடித்தது. மற்ற நான்கு பேரும் கைதட்டினோம். வாசிக்கும் தம்பி தங்கைகளில் சிலர் அன்று கூட்டத்தில் இருந்தீர்கள். அதனால்தான் இதை எழுதுகிறோம்.

அந்தக் கிட்டார் எப்படி எங்களிடம் வந்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

நாங்கள் ஐந்து பேரும் வடசென்னையில் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். 2011-இல் எங்களிடம் இருந்தவை ஒரு டோலக், இரவல் வாங்கிய ஒரு கீபோர்டு, நிறைய வாய். பாடும்போது அடியில் ஏதோ இல்லை என்று தெரிந்தது. என்ன இல்லை என்று தெரியவில்லை. பக்கத்துத் தெரு மாஸ்டர்தான் ஒருநாள் நின்று கேட்டுவிட்டு, "பாட்டுக்கு காலே இல்லியேப்பா" என்றார்.

மாஸ்டர் என்றால் லைட் மியூசிக் மாஸ்டர். சிறுவயதில் சர்ச்சில் கற்றுக்கொண்டு, எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் திருவிழா, கல்யாணம், கட்சிக் கூட்டம் என்று ஊர் ஊராகப் போய் பேஸ் வாசித்தவர். பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இளையராஜாவின் பாட்டுகளைக் கேட்டே கற்றவர். அந்தப் பாட்டுகளில் பேஸ் வாசித்த சசிதரனின் பெயரை நாங்கள் முதலில் கேட்டதும் இவர் வாயிலிருந்துதான். பாடியவர் பெயரும் எழுதியவர் பெயரும் கேசட் அட்டையில் இருக்கும். வாசித்தவர் பெயர் இருக்காது. யாரோ ஒருவர் சொல்லித்தான் தெரிய வேண்டும்.

மாஸ்டரின் வேலை போன கதை நீளமானது இல்லை. கீபோர்டுக்காரர் இடது கையாலேயே பேஸ் போட்டுவிடலாம் என்று ஒரு காலம் வந்தது. பிறகு ட்ராக்கைப் போட்டுவிட்டு மேடையில் பாடினால் போதும் என்று ஒரு காலம் வந்தது. ஒரு ஆள் சம்பளம் மிச்சம், வேனில் ஒரு சீட் மிச்சம். நாங்கள் பார்க்கும்போது அவர் ஏடிஎம் வாசலில் இரவுக் காவலாளி. மனைவிக்கு ஆபரேஷன் என்று கிட்டாரை விற்க வந்தார். ஆளுக்கு 1,300 ரூபாய் போட்டு 6,500-க்கு வாங்கினோம். பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு ஒன்றே ஒன்று சொன்னார்: "விக்கிறதா இருந்தா மொதல்ல எங்கிட்ட சொல்லணும்." சரி மாஸ்டர் என்றோம். இருபது வயதில் எதற்குத்தான் சரி சொல்லமாட்டோம்.

வீட்டுக்குக் கொண்டு வந்தபோது எங்களில் ஒருவரின் ஆயா கேட்டது இன்றும் தெருவில் ஓடும் நகைச்சுவை. "இது இன்னாடா?" "பேஸ் கிட்டாரு ஆயா." "பேசுமா?" மாட்டி வாசித்துக் காட்டினோம். சின்ன ஸ்பீக்கரில் ஒன்றும் கேட்கவில்லை. "பேசலியே" என்று உள்ளே போய்விட்டது.

ஆயா சொன்னது ஒருவகையில் சரிதான். சாதாரண கிட்டாரைவிட நீளமான கழுத்து, நான்கே நான்கு குண்டுக் கம்பிகள். ஆகக் கீழ்க்கம்பி நொடிக்கு 41 முறைதான் அதிரும். அவ்வளவு கீழான ஒலியைச் சின்ன ஸ்பீக்கர் தள்ளாது. எங்கள் பாட்டுகளைச் செல்போனிலேயே கேட்கிறவர்கள் இந்தக் கிட்டாரை இதுவரை கேட்டதே இல்லை என்றுகூடச் சொல்லலாம். மேடைக்கு முன்னால் வந்து நின்றால் காதுக்கு முன்னால் நெஞ்சுக்குக் கேட்கும். ஆனால் அது நின்றுபோனால் எல்லோருக்கும் தெரியும்.

கம்பெனிப் பெயர் இருந்த இடத்தில் யாரோ சுரண்டிய தழும்புதான் இருக்கிறது. எது அசல், எது நகல் என்று எங்களுக்கும் தெரியாது. எந்த வீடு ஒழுகாதோ அந்த வீட்டில் வைப்பது என்று முறை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஒழுகாத வீடு என்று ஒன்று இல்லை. பரணில் ஏற்றி வைத்தும் மூன்று நாள் ஈரத்தில் கழுத்து வளைந்துவிட்டது. கம்பிக்கும் கட்டைக்கும் நடுவே விரலே போகும். மாஸ்டர் வந்து பார்த்தார். கழுத்துக்குள் ஓர் இரும்புத் தண்டு ஓடும், ட்ரஸ் ராட் என்பார்கள். கம்பி முன்னால் இழுக்க இழுக்க இது பின்னால் இழுத்துப் பிடிக்கும். அதை ஒரே நாளில் திருகினால் உடைந்துவிடும். இரவு வேலை முடித்து காலையில் வருவார், கால் திருகு திருகுவார், டீ குடித்துவிட்டுத் தூங்கப் போவார். எட்டு நாள். கழுத்து வந்துவிட்டது. மூன்றாவது கட்டையில் மட்டும் ஒரு கரகரப்பு நின்றுவிட்டது. எங்கள் பேஸ் தோழர் அந்த இடத்தில் விரலைக் கொஞ்சம் பின்னால் வைத்து வாசிக்கப் பழகிக்கொண்டார். இப்போது கரகரப்பில்லாத கிட்டாரைக் கொடுத்தாலும் விரல் பின்னால்தான் போகிறது.

கம்பி மாற்றக் காசிருக்காது. பேஸ் கம்பி ஒரு செட் வாங்கும் விலைக்கு ஒரு வார மளிகை வாங்கலாம். பழைய கம்பியைக் கழற்றிச் சோறு வடிக்கும் குண்டானில் போட்டுக் கொதிக்க வைத்தால் அழுக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் போய்க் கொஞ்ச நாள் புதுசு மாதிரி ஒலிக்கும். இதை மாஸ்டரிடம் பெருமையாகச் சொன்னபோது அவருக்குக் கோபம் வந்தது. "அழுக்குலதான்டா சத்தம் இருக்கு" என்றார். அவருக்கு வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டோம்.

சில வருடம் கழித்து, பேஸ் பற்றித் தேடித் தேடி வீடியோ பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், இதே நம்பிக்கையோடு டெட்ராய்ட் நகரத்தில் ஒரு மனிதர் வாழ்ந்து செத்திருக்கிறார் என்று கண்டோம். ஜேம்ஸ் ஜேமர்சன். 1936-இல் பிறந்த கறுப்பினக் கலைஞர். தென் கரோலினாவில் பிறந்து, பிழைப்புக்காக வடக்கே போன லட்சக்கணக்கான கறுப்பின மக்களைப் போலவே, 1954-இல் தாயோடு டெட்ராய்ட்டுக்குக் குடியேறியவர். மோட்டவுன் கம்பெனியின் பல பாட்டுகளில் பேஸ் வாசித்தவர் இவர்தான். டெம்ப்டேஷன்ஸ் குழுவின் 'மை கேர்ள்' பாட்டு தொடங்கும் அந்த மூன்று சுரங்களை உலகத்தில் கேட்காத ஆள் குறைவு. அது ஜேமர்சனின் விரல்.

விரல் என்று ஒருமையில்தான் சொல்ல வேண்டும். வலது கையின் ஆள்காட்டி விரல் ஒன்றால் மட்டுமே கம்பியைச் சுண்டுவார். அதனால் அந்த விரலுக்குக் 'கொக்கி' என்று பெயர். கையில் இருந்தது 1962-இல் ஃபெண்டர் செய்த பிரிசிஷன் பேஸ். கம்பிகள் கட்டையிலிருந்து உயர்ந்து நிற்கும். மற்றவர்கள் எடுத்தால் வாசிக்கத் திணறுவார்கள். கம்பியை அவர் மாற்றவே மாட்டார். அறுந்தால்தான் மாற்றுவார். கழுத்து உடலோடு சேரும் இடத்தில் 'ஃபங்க்' என்று எழுதி வைத்திருந்தார். அந்தக் கிட்டாருக்குப் 'ஃபங்க் மெஷின்' என்றே பேர்.

மாஸ்டரிடம் போய் மன்னிப்புக் கேட்டோம். யார் அந்த ஆள் என்று கேட்டார். செல்போனில் ஹெட்போன் மாட்டிக் கொடுத்தோம். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு பாட்டு கேட்டுவிட்டு, "கம்பி பழசு" என்றார்.

ஜேமர்சன் கதையில் எங்களைப் பிடித்து வைத்த இடம் வேறு. அவர் வாசித்த பாட்டுகள் கம்பெனியுடையவை. மேற்கு கிராண்ட் புலிவார்டில் ஒரு வீட்டில்தான் ஸ்டுடியோ. 'பாம்புக் குழி' என்பார்கள். காலையில் போவது, சொன்ன பாட்டை வாசிப்பது, கூலி வாங்குவது. தட்டில் பாடகர் பெயர் வரும், வாசித்தவர் பெயர் வராது. முதலாளி பெரி கோர்டியும் கறுப்பினத்தவர்தான்; அதை மறைத்துவிட்டு வெள்ளை முதலாளி கதையாக எழுதினால் நமக்கு வசதி, ஆனால் நேர்மை இல்லை. ஒடுக்கப்பட்ட மக்களிடமிருந்து எழுந்து வந்த ஒரு நிறுவனம் என்பது உண்மை. அதன் அடியில் நின்றவர்களின் பெயர் வெளியே வரவில்லை என்பதும் உண்மை. 1971-இல் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' தட்டில்தான் ஜேமர்சனின் பெயரைப் பாராட்டோடு போட்டார்கள். அதற்குள் பத்து வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. அடுத்த வருடம் கம்பெனி லாஸ் ஏஞ்சலஸ் நகருக்குப் போய்விட்டது. பின்னாலேயே ஜேமர்சனும் போனார். அங்கே இசையின் போக்கு மாறியிருந்தது, குடியும் சேர்ந்துகொண்டது, வேலை குறைந்தது. 1983-இல் மோட்டவுனின் 25-ஆம் ஆண்டு விழா நடந்தது. மைக்கேல் ஜாக்சன் பின்னோக்கி நடந்து உலகத்தை மயக்கிய அதே விழா. மேடையில் பாடப்பட்ட பாட்டுகளின் அடியில் ஓடும் பேஸ் யாருடையதோ அந்த ஆள் டிக்கெட் வாங்கிக்கொண்டு பார்வையாளர் பக்கம் உட்கார்ந்திருந்தார்.

அதே வருடம் ஆகஸ்ட் 2 அன்று இறந்தார். வயது 47. அதற்குச் சில நாள் முன்னால்தான் 'ஃபங்க் மெஷின்' திருடு போனது. இதுவரை கிடைக்கவில்லை. 2000-ஆம் ஆண்டு ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபத்தில் அவர் பெயரைச் சேர்த்தார்கள்.

திருடுபோன பேஸ்கள் திரும்பிய கதைகளும் உண்டு. பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னி 1961-இல் ஹாம்பர்க் நகரில் சுமார் 30 பவுண்டுக்கு வாங்கிய ஹாஃப்னர் 1972-இல் லண்டனில் ஒரு வேனிலிருந்து களவு போனது. 50 வருடம் கழித்து அதற்கென்றே ஒரு தேடுதல் குழு அமைத்துத் தேடிக் கண்டுபிடித்து அவர் கையிலேயே சேர்த்தார்கள். ஜேக்கோ பாஸ்டோரியஸின் 1962 ஜாஸ் பேஸ் 1986-இல் நியூயார்க்கில் போனது. அடுத்த வருடமே அவர் இறந்தார். 2006-இல் ஒரு கடைக்கு வந்து சேர்ந்தது. மெட்டாலிகாவின் பேஸ் கலைஞர் ராபர்ட் ட்ரூஹீயோ பணம் கொடுத்து அதை மீட்க உதவினார். நல்ல கதைகள்தான். படித்துவிட்டு மகிழ்ந்தோம். ஆனால் எங்கள் மனம் கிடைக்காத கிட்டாரிடமே போய் நிற்கிறது. பாட்டு கம்பெனிக்கு, புகழ் பாடகருக்கு, காசு முதலாளிக்கு. தன்னுடையது என்று சொல்ல ஜேமர்சனுக்கு மிஞ்சியது அந்த மரமும் அழுக்குக் கம்பியும்தான். உழைத்தவன் கையில் மிஞ்சுகிற ஒரே பொருள் அது என்றால், 'விற்க மாட்டேன்' என்பது வெறும் பாசம் மட்டும்தானா?

பாசம் என்ற சொல்லை எங்கள் வீடுகளில் வாத்தியத்தோடு சேர்த்துச் சொல்ல முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். எங்களில் இருவரின் தாத்தாக்கள் ஊரில் பறை அடித்தவர்கள். அடித்தவர்கள் என்று சொல்வதைவிட, அடிக்க வைக்கப்பட்டவர்கள். சாவுக்கு அடி என்று ஊர் வந்து நிற்கும், மறுக்க முடியாது. ஒரு தாத்தா அதைக் கிணற்றில் போட்டுவிட்டு மெட்ராசுக்கு ரயிலேறியவர். பேரன் கழுத்தில் கிட்டார் தொங்குவதைப் பார்த்து அவர் ஒரு வாரம் பேசவில்லை. "மறுபடியும் கழுத்துல மாட்டிக்கினியா" என்றார் பிறகு. எங்களுக்குப் பறையும் வேண்டும், அந்தத் தாத்தாவின் கிணறும் வேண்டும். 2018 ஜனவரியில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் சென்னையில் மேடையேறியபோது கானாவும் பறையும் கிட்டாரும் ஒன்றாக ஒலித்ததைக் கூட்டத்தில் நின்று கேட்டுக் கண் கலங்கியவர்கள் நாங்கள். ஆனால் கீழே வைக்க உரிமை இல்லாத வாத்தியத்தின் மேல் பாசம் வைக்கச் சொல்லி அந்தத் தாத்தாவிடம் வாதாட எங்களால் முடியவில்லை. பேஸ் கிட்டாரை நாங்களே தேர்ந்தெடுத்தோம். எவனும் வந்து வாசி என்று கட்டளை போடவில்லை. அதனால்தான் அதன் மேல் கொஞ்சம் பைத்தியமாக இருக்க முடிகிறது.

இனி ஜூன் மாதம்.

எங்கள் டோலக் தோழரின் தங்கைக்கு நர்சிங் சீட் கிடைத்தது. போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை இருக்கிறது, வரும். எப்போது வரும் என்பதுதான் உங்களில் பாதிப் பேருக்குத் தெரிந்த கதை. முதலில் கட்டு, வந்த பிறகு வாங்கிக்கொள் என்றது கல்லூரி. கடைசித் தேதிக்கு நான்கு நாள் இருக்கையில் 8,000 ரூபாய் குறைந்தது. ஐந்து பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். யாரும் வாயைத் திறக்கவில்லை. பேஸ் தோழரே எழுந்து போய்க் கிட்டாரை உறையில் போட்டார்.

மாஸ்டரிடம் சொல்லவில்லை. மறக்கவில்லை, சொல்லவில்லை. வேண்டுமென்றே அவர் தெரு வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டு போனோம்.

முதலில் அடகுக் கடை. கடைக்காரர் உறையைத் திறக்கக்கூட இல்லை. தங்கம் இருந்தால் கொண்டு வாருங்கள் என்றார். பிறகு பழைய வாத்தியம் வாங்கும் ஒரு கடை. கடைப் பையன் எடுத்து ஆம்பில் சொருகிச் சோதித்துப் பார்த்தான். பதினான்கு வருடத்தில் அன்றுதான் எங்கள் கிட்டாரை வேறு கை வாசித்து நாங்கள் ஐந்து பேரும் வெளியே நின்று கேட்டோம். மூன்றாவது கட்டையில் கரகரத்தது. பேஸ் தோழரின் விரல் சட்டைப் பைக்குள்ளேயே பின்னால் நகர்ந்ததைப் பக்கத்தில் நின்றவர் பார்த்தார். பையன் சோதித்து முடித்தும் நிறுத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டு வாசித்துக்கொண்டே இருந்தான். பிறகு உள்ளே போய் முதலாளியைக் கேட்டுவிட்டு வந்து 3,500 என்றான்.

எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம். இதை வீரமாக யாரும் நினைக்க வேண்டாம். 8,000 சொல்லியிருந்தால் கொடுத்திருப்போம். 3,500 எங்களுக்குப் போதாது, அவ்வளவுதான்.

மீதிப் பணத்தைப் பேஸ் தோழரின் அம்மா கொடுத்தார். காதில் தோடு இல்லாததை இரண்டு நாள் கழித்துத்தான் கவனித்தோம். அவர் கல்யாணத்துக்கு அவருடைய அம்மா போட்ட தோடு. பாத்திரம் போய், சைக்கிள் போய், வெள்ளத்தில் வீட்டுச் சாமான் எல்லாம் போயும் அந்தக் காதை விட்டுப் போகாதது. அவர் அதைப் பற்றி எந்த மேடையிலும் பேசியதில்லை. கேட்டதற்கு, "காது லேசா இருக்கு" என்று சிரித்தார். உடனே மீட்டுத் தருகிறோம் என்று ஐந்து பேரும் ஒரே குரலில் சொன்னோம். எங்கள் சத்தியங்களின் விலை தெரிந்தவர், ஒன்றும் சொல்லாமல் குழம்பைக் கிண்டினார். இதுவரை நான்கு கச்சேரிப் பணம் வட்டியும் அசலுமாகப் போயிருக்கிறது. இன்னும் முடியவில்லை. அந்த நான்கிலும் பேஸ் கிட்டார் வாசித்தது.

கட்டணம் கட்டி முடித்த ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் வீட்டுக்குப் போனோம். கிட்டாரையும் எடுத்துக்கொண்டுதான். அவர் இரவு வேலை முடித்துத் தூங்கி எழுந்து கைலியோடு வாசலில் உட்கார்ந்திருந்தார். யார் முதலில் சொல்வது என்று தள்ளிக்கொண்டு, கடைசியில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டோம். சொல்லாமல் போனதையும், தெரு மாறிப் போனதையும். திட்டுவார் என்று தலையைக் குனிந்து நின்றோம்.

"எவ்ளோ கேட்டான்?"

"மூவாயிரத்து ஐநூறு, மாஸ்டர்."

"எவ்ளோ?"

திரும்பச் சொன்னோம்.

அவர் முகம் மாறியது. நாங்கள் பயந்தது போல இல்லை. "மூவாயிரத்து ஐநூறா? நானே பசங்களாச்சேன்னு கொறச்சுக் குடுத்தது ஆறாயிரத்து ஐநூறு. எந்தக் கடைடா அது?" என்று எழுந்து நின்றார். உள்ளே இருந்த அம்மாவைக் கூப்பிட்டு, "கேட்டியா, மூவாயிரத்து ஐநூறாம்" என்றார். அந்த அம்மா, "உக்காருங்க, டீ ஆறிடும்" என்றார். மாஸ்டர் உட்காரவில்லை. உறையின் ஜிப்பைத் திறந்து கிட்டாரை வெளியே எடுத்து, வெளிச்சத்தில் சாய்த்துக் கழுத்தின் நேரை ஒரு கண்ணால் பார்த்தார். பிறகு ஒவ்வொரு கம்பியாக விரலால் தடவினார்.

"கொதிக்க வெச்சீங்களா?"

"இல்ல மாஸ்டர்."

"ம்" என்று சொல்லிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சுதி சேர்க்கத் தொடங்கினார்.